சவ்வில் ஒரு ஜன்னல்

எல்லாம் முடிந்து அறை விளக்கைப் போட்ட பிறகுதான் கிளட்ச் அக்கா அதைக் கவனித்தாள். டாக்டரம்மாவின் தலையில் நீலத் துணித் தொப்பி இருந்தது. அது நெற்றியிலிருந்து பிடரிவரை இறங்கி, இரண்டு காதுகளையும் இறுக்கமாக மூடியிருந்தது.

அப்படியானால் இவ்வளவு நேரமும் அவள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது யாருடைய காதை?

கிளட்ச் அக்கா என்ற பெயர் அவளுக்குத் தொழிலால் வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தன் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் பொருத்திய பழைய காரில் உட்கார்ந்துகொண்டு, "கிளட்ச்! கிளட்ச்ச மிதிங்க!" என்று அவள் போடும் சத்தத்துக்குத் தெருநாய்கூட எழுந்து வழிவிடும். பெரிய பெரிய அதிகாரிகளெல்லாம் அவள் பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்திருக்கிறார்கள். யாருக்கும் பயப்படாதவள் என்று பெயர் எடுத்தவள். வீம்புக்காரி என்றும் சொல்வார்கள். அதைச் சொல்வது பெரும்பாலும் அவளுடைய தங்கை.

இரண்டு கண்ணிலும் புரை எடுத்து லென்ஸ் வைத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கொஞ்ச நாளாக மறுபடியும் மங்கல். எதிரே வரும் வண்டியின் விளக்கு உடைந்து சிதறியதுபோலத் தெரிந்தது. மாணவர் ஒருவர் சிவப்பு விளக்கில் நிற்காமல் போக, அவளும் பிரேக்கை மிதிக்கத் தவறினாள். அன்றைக்குத்தான் கண் டாக்டரிடம் போவதென்று முடிவெடுத்தாள். லைசென்ஸைப் புதுப்பிக்கும் நேரம் வேறு நெருங்கியிருந்தது. கண் டாக்டர் பார்த்து, இரண்டு கண்ணும் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் அவளுக்குத் தொழில். இல்லாவிட்டால் கார் தெருவோரம் தூங்கும், அவள் வீட்டில் தூங்க வேண்டியதுதான்.

"புரை திரும்ப வரலம்மா," என்றார் டாக்டரம்மா. "லென்ஸுக்குப் பின்னாடி ஒரு சவ்வு இருக்கு. அது வெள்ளையா தடிச்சுப்போச்சு. லேசர் வச்சு அதோட நடுவுல ஒரு சின்ன ஜன்னல் திறந்துவிடறோம், அவ்வளவுதான். கத்தி கிடையாது, ஊசி கிடையாது, உக்காந்தபடியே முடிஞ்சிடும். இன்னைக்கு இடது கண்ணு. அடுத்த வாரம் வலது."

சொன்னபடிதான் எல்லாம் நடந்தது. புருவத்துக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி எந்தக் கண் என்று அடையாளம் வைத்தார்கள். கண் பாப்பாவை விரிக்க ஒரு சொட்டு மருந்து, மரத்துப்போக ஒரு சொட்டு. விளக்கை அணைத்த அறையில் மேஜைமேல் நின்ற கருவிக்கு முன்னால் அவளை உட்காரவைத்து, தாடையைப் பிளாஸ்டிக் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொல்லி, தலை பின்னால் நகராதபடி நர்ஸ் பிடரியில் கை வைத்துக்கொண்டாள். பசை தடவிய சின்னக் கண்ணாடி ஒன்று இடது கண்ணின்மேல் குளிர்ச்சியாக வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அந்தக் கண்ணை மூட முடியாது. இரண்டு சிவப்புப் புள்ளிகள் ஒன்றை ஒன்று தேடி வந்து சேர்ந்தன. டிக். பேனாவின் குமிழை யாரோ மண்டைக்குள் அமுக்கியதுபோல ஒரு சத்தம். வலியில்லை. டிக். டிக்.

"அசையாதீங்க. மத்த கண்ணால என் காதையே பாருங்க," என்றார் டாக்டரம்மா.

சொல்லிக்கொடுத்தே பழகியவளுக்கு, சொன்னதைக் கேட்பது ஒரு மாறுதலாக இருந்தது. வலது கண்ணால் பார்ப்பதாகத்தான் நினைத்தாள். மருந்து நெடியும் சூடான கருவியின் வாசனையும் கலந்த அந்த இருட்டில், கருவியும் டாக்டரம்மாவின் முகமும் சுவரும் எல்லாம் பால் ஊற்றினாற்போலக் கலங்கிக் கிடக்க, காது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. நீளமான மடல். தண்ணீரில் நெடுநேரம் ஊறிய விரல்நுனியைப்போல வெளுத்து, சுருங்கியிருந்தது. என்ன இது, டாக்டரம்மாவுக்கு இந்த வயசிலேயே காது இப்படிக் கிழடு தட்டிவிட்டதே என்று அவள் மனசுக்குள் கிண்டல்கூடச் செய்துகொண்டாள். டிக் என்னும்போதெல்லாம் அது இலேசாக அசைந்தது. மனிதக் காது அப்படி அசையாது. பூனையின் காது அசையும்.

இப்போது தொப்பியைப் பார்த்தபோது கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டாக்டர், உங்க காது மூடியிருக்கே."

டாக்டரம்மா தொப்பியைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். "பழக்க தோஷம்மா. இன்னைக்கு ஆபரேஷன் நாள், தொப்பியோட அப்படியே இங்க வந்துட்டேன். வாய் பாட்டுக்குக் காதப் பாருங்க, காதப் பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. காலைலருந்து எல்லாரும் ஏதோ இந்தப் பக்கமா பாத்துட்டுப் போயிட்டாங்க. யாரும் கேக்கல, நீங்கதான் கேட்டீங்க."

"உங்க பக்கத்துல வேற யாராவது நின்னாங்களா?"

"நானும் சிஸ்டரும்தான். சிஸ்டர் உங்க தலைக்குப் பின்னாடி நின்னாங்க. ஏன்?"

கிளட்ச் அக்கா டாக்டரம்மாவின் தோளுக்கு அப்பால் பார்த்தாள். சுவர். சுவரில் ஒரு நாட்காட்டி. டாக்டரம்மாவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். வெளியே தங்கை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்து போட்ட கண்ணோடு யாரும் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஓர் ஆள் வர வேண்டும் என்பது அங்கே சட்டம். தங்கைக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வரும். லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள், அக்கா பக்கத்தில் இருந்தால் ஓட்டுவாள், மெயின் ரோட்டைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்வாள். அதனால் வாடகைக் காரில் வந்திருந்தார்கள்.

"எப்படி இருக்குக்கா? தெரியுதா?"

தெரிந்தது. அடேயப்பா, எப்படித் தெரிந்தது! விரிந்த பாப்பாவில் வெளிச்சம் கூசினாலும், மங்கல் விலகிய இடத்தில் உலகம் கழுவி வைத்ததுபோல இருந்தது. தங்கையின் காதோரம் இத்தனை நரை எப்போது வந்தது? கதவின் பிடியில் யாரோ தேய்த்த கைரேகைகூடத் தெரிந்தது. கிளட்ச் அக்காவுக்கு அழுகை முட்டியது. இதை இனி யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று நினைத்தாள்.

எதிர் வரிசையில் பருத்த மனிதர் ஒருவர் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். இரண்டு கண்ணும் முடித்துவிட்டுக் கடைசியாகக் காட்டிக்கொண்டு போக வந்தவராம், அவர் மனைவி தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் ஒரு தோளை மேலே தூக்கி, தலையை மறுபக்கம் சாய்த்து, கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டமான பஸ்ஸில் தெரியாதவர் தூங்கி நம்மேல் சாய்ந்தால் நாம் அப்படி உட்காருவோம். அவர் பக்கத்து நாற்காலி காலி.

"ஏங்க, கழுத்து வலிக்குதா?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றார் அவர். உடனே அவர் தூக்கியிருந்த தோள் பாரம் ஏறியதுபோலக் கொஞ்சம் இறங்கியது.

நர்ஸ் வந்து, வழக்கமாகச் சொல்வதை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "கண்ணு முன்னாடி கொசு மாதிரி, நூல் மாதிரி மிதக்கும். சவ்வுத் துண்டுங்கதான், ஒண்ணும் பண்ணாது. அத உத்துப் பாக்காதீங்க. ஒண்ணுமில்லன்னு விட்டுட்டீங்கன்னா அதுவே போயிடும். மின்னல் அடிச்சாலோ, தெர விழுந்த மாதிரி இருந்தாலோ, வலிச்சாலோ மட்டும் உடனே போன் பண்ணுங்க."

கொசுக்கள் இருந்தன. கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடின. நடைவழியின் கடைசியில், குடிதண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றது மட்டும் ஓடவில்லை.

அது ஓர் ஆள். அல்லது ஆள் உயரத்தில் ஏதோ ஒன்று. பக்கவாட்டில் நின்றது. முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. இந்தப் பக்கம் தெரிந்தது காது மட்டும். நீளமான மடல், வெளுத்த மடிப்புகள். கதவில் காது வைத்து ஒட்டுக்கேட்பவர் போலக் கழுத்தை நீட்டி, அசையாமல் நின்றது. கிளட்ச் அக்கா இடது கண்ணைப் பொத்தினாள். வலது கண்ணில் வெறும் மங்கல், தண்ணீர் இயந்திரத்தின் பச்சை விளக்கு. வலது கண்ணைப் பொத்தினாள். நின்றது.

"என்னக்கா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல."

சொல்லி வாய் மூடவில்லை, அது தண்ணீர் இயந்திரத்திடம் இல்லை. மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால் நின்றது. நடந்து வந்ததை அவள் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், மருந்து மயக்கம், வெளிச்சம் கூசுவது, நேற்று சரியாகத் தூங்காதது. காரணம் கேட்டால் ஆயிரம் கிடைக்கும். வாடகைக் காரின் கண்ணாடியை மட்டும் அவள் பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்க்காமல் அவள் ஒரு வண்டியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் வீட்டில் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. மாடி வீடு. தங்கை சமையலறையில் பாத்திரம் கழுவினாள், பக்கத்து வீட்டில் டிவி பேசியது, கீழே தெருவில் குழந்தைகள் பந்துக்குச் சண்டை போட்டார்கள். ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை. அது என்னவென்று பிடிபட அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. சத்தங்கள் குறைந்துகொண்டே வந்தன. நின்றுபோகவில்லை. குழாய்த் தண்ணீரின் சத்தம் பாத்திரத்தில் விழுமுன்னே மெலிந்தது. டிவியின் பேச்சு சுவரைத் தாண்டி வந்து பாதி வழியில் கரைந்தது. யாரோ ஒருவர் எல்லாவற்றையும் முதலில் கேட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் அவளுக்கு அனுப்புவதுபோல இருந்தது. வாளியில் ஊறப்போட்டு மறந்த துணியின் புழுங்கல் நெடி ஒன்று கூடத்தில் நின்றது.

வாசல் நிலைக்கு அருகில், செருப்பு வைக்கும் இடத்தில், பக்கவாட்டில் அது நின்றுகொண்டிருந்தது.

போன் அடித்தது. மாணவி ஒருத்தி. பல் டாக்டர், கியர் மாற்றும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்பவள்.

"அக்கா, கண்ணு எப்படி இருக்கு? ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

சாப்பாட்டு மேஜை. அது சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

கிளட்ச் அக்கா போனை வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்தாள். மூளை வேலை செய்தது. கற்றுக்குட்டிகள் எந்த நொடியில் எந்தத் தவறைச் செய்வார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தே பழகிய மூளை அது. லேசர் அறையில் ஒரு தரம். நடைவழியில் ஒரு தரம். இப்போது போனில். ஒன்றுமில்லை என்று சொல்லும்போதெல்லாம் வருகிறது. அந்தப் பருத்த மனிதரின் தோள் இறங்கியது நினைவுக்கு வந்தது. அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்?

சரி, சொல்லாமல் இருந்துவிடுவோம். வாய்க்குப் பூட்டுப் போட்டால் போயிற்று.

சொல்வது எளிது. ஒரு நாளைக்கு அந்த வார்த்தையை எத்தனை முறை சொல்கிறோம் என்று யார் எண்ணிப் பார்த்தது? மறுநாள் காலை காபியில் சர்க்கரை குறைவா என்று தங்கை கேட்டபோது வாய் தானாகச் சொல்லிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் படியில் பார்த்து, என்ன ஒரு மாதிரி இருக்கீங்க என்றபோது சொல்லிவிட்டது. இருபத்தைந்து வருடமாகக் காய்ச்சலோ, நஷ்டமோ, துக்கமோ, எது வந்தாலும் அவள் சொல்லிவந்த ஒரே பதில் அது. புருஷன் விட்டுவிட்டுப் போன அன்றைக்குக்கூட, கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்ட மாணவரிடம் அவள் அதைத்தான் சொன்னாள். அன்றைக்கு அது வீரமாகத் தோன்றியது.

மூன்றாம் நாள் அது அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

கிளினிக்குக்குப் போன் பண்ணினாள். எடுத்தது ஏதோ ஒரு நர்ஸ்.

"மின்னல் மாதிரி அடிக்குதாம்மா?"

"இல்ல."

"தெர விழுந்த மாதிரி இருக்கா? வலி?"

"இல்ல. ஆனா..." அவள் நிறுத்தினாள். சொன்னால் என்ன ஆகும்? கண்ணில் ஓர் ஆள் தெரிகிறது என்று எழுதிக்கொள்வார்கள். டாக்டரம்மா கவலையோடு பார்ப்பார். வேறு டாக்டரிடம் அனுப்புவார்கள். லைசென்ஸ் அங்கேயே முடிந்தது. "ஆனா, கொசு மாதிரி கொஞ்சம் தெரியுது."

"அப்ப ஒண்ணுமில்லம்மா," என்றாள் நர்ஸ்.

யார் சொன்னால் என்ன? அதற்கு யார் சொன்னாலும் சரிதான் போலிருக்கிறது.

இடது கன்னத்தில் ஈரம் பட்டது. சில்லென்று. மடிப்பு மடிப்பாக. மெத்தென்று. கன்னத்தோடு கன்னம் வைப்பதுபோல அந்தக் காது வந்து ஒட்டியது. புழுங்கல் நெடி மூக்கை அடைத்தது. அவள் கத்தவில்லை. கத்த முடியவில்லை என்பதுதான் உண்மை. அவளுடைய மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அதைக்கூட அது கேட்டு முடித்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் யாரிடமும் பேசவில்லை. தங்கை திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். தொண்டை கட்டிக்கொண்டது என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். தோள் வலித்தது. குளிக்கும்போது கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தாள். இடது தோள் மேலே ஏறி, தலை மறுபக்கம் சாய்ந்து, கோணிக்கொண்டு நின்ற ஒரு பொம்பளை கண்ணாடியில் தெரிந்தாள்.

யார் இது?

அதைப் பார்த்தபோதுதான் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பியது. கோபம். சுத்தமான, பழக்கமான கோபம். வலப்பக்கம் திரும்பும்போது பார்க்காமல் குறுக்கே விழும் லாரிக்காரன்மேல் வருமே, அந்தக் கோபம். என் கண். நான் திறந்த ஜன்னல். என் தோள்மேல் சாய்ந்துகொண்டு சவாரி வர நீ யார்? வலது கண்ணுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாளாக ஒரு யோசனை அவளுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. மங்கலே மேல், மங்கலில் எதுவும் தெரியாது, லைசென்ஸ் போனால் போகட்டும். அந்த யோசனையை அவள் அங்கேயே, குளியலறைத் தரையில், தண்ணீரோடு சேர்த்து ஊற்றிவிட்டாள். தோளை நிமிர்த்தினாள். நிமிர்த்தும்போது எதிலோ இடித்தது. இடிக்கட்டும்.

வலது கண்ணுக்குப் போக வேண்டிய நாள் காலை, வாடகைக் காருக்குப் போன் பண்ணப் போன தங்கையின் கையிலிருந்து போனை வாங்கி மேஜைமேல் வைத்தாள். சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"ஐயோ, நானா? மெயின் ரோடுக்கா!"

அவள் தலையை ஆட்டினாள். நீதான்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. தெருவில் காய்கறி வண்டி போயிற்று. பள்ளிக்கூடத்துக்குப் பிந்திய ஒரு குழந்தையை அதன் அப்பா இழுத்துக்கொண்டு ஓடினார். பேய் பிசாசுக்கெல்லாம் துளியும் பொருந்தாத காலை. தங்கை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, சீட்டை முன்னால் இழுத்து, பெல்ட்டைப் போட்டாள். டிக். கிளட்ச் அக்கா தன் பெல்ட்டைப் போட்டாள். டிக்.

அவளுக்கென்று தனியாக ஒரு கண்ணாடி அந்தக் காரில் உண்டு. மாணவருடைய கண்ணாடிக்குப் பக்கத்தில், தன் கோணத்துக்குத் திருப்பி ஒட்டியது. பின்னால் என்ன வருகிறது என்று எப்போதும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் அந்தத் தொழில். இந்த ஒரு வாரமாக எந்தக் கண்ணாடியையும் அவளாக விரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள்.

பின் சீட்டிலிருந்து அது முன்னால் வளைந்திருந்தது. அவளுடைய சீட்டின் தலைப்பட்டைக்கும் கதவுக்கும் இடையே கழுத்தை நுழைத்து, காதை அவளுடைய இடது கண்ணுக்கு ஒரு விரல் தூரத்தில் வைத்திருந்தது. இன்னும் ஒரே ஒரு தரம் சொன்னால் போதும். அதற்கப்புறம் நெருங்க வெளியில் இடமில்லை. உள்ளேதான் இடம்.

தங்கை என்ஜினைப் போடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது. "அக்கா, ஒரு வாரமா நீ நீயா இல்ல. உத்து உத்துப் பாக்கற. பேச மாட்டேங்கற. எனக்குப் பயமா இருக்குக்கா. சத்தியமா சொல்லு. என்ன ஆச்சு?"

வார்த்தை நாக்கின் நுனியில் வந்து நின்றது. இருபத்தைந்து வருடப் பழக்கம். வாய் திறந்துவிட்டது. ஒண்...

காது துடித்தது. பூனையின் காதுபோல.

கிளட்ச் அக்கா வாயை மூடினாள். கற்றுக்குட்டிகளுக்கு முதல் நாள் முதல் பாடமாக அவள் சொல்வது ஒன்றுதான்: கண்ணாடியில தெரியாத எடம்னு ஒண்ணு இருக்கும், அங்க ஒருத்தன் இருப்பான், இருக்கான்னு ஒத்துக்கிட்டு கழுத்தத் திருப்பிப் பாருங்க.

"ஒருத்தர் இருக்காங்க," என்றாள். நாட்கணக்காகப் பேசாத குரல் கரகரத்தது. "பின்னாடி. லேசர் போட்ட அன்னைலருந்து நம்ம கூடத்தான் வராங்க. எனக்குப் பயமாத்தான் இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு."

தங்கை சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

கன்னத்திலிருந்த குளிர்ச்சி விலகியது. மெதுவாக. மிக மெதுவாக. பின் சீட்டின் பழைய ஸ்பிரிங், கனமான ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம் போட்டது. தெருவின் சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. காய்கறிக்காரரின் குரல். சைக்கிள் மணி. அவளுடைய மூச்சு.

கண்ணாடியில், அது முதல் முறையாகத் திரும்பியது. நேராக.

முகம் இருந்தது. கண் இருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் தோல்தான். தோல்கூட இல்லை. சவ்வு. வெள்ளையாகத் தடித்த சவ்வு, கொதித்து ஆறிய பாலின் ஆடைபோல. அதனால்தான் இத்தனை நாளும் காது. அது பார்த்ததில்லை. கேட்டது. கேட்டுக்கேட்டே தேடி வந்தது.

ஒரு பக்கச் சவ்வு முழுசாக இருந்தது. மறுபக்கத்தில், நடுவில், வட்டமாக ஒரு சின்னத் துளை. புதுசு. ஓரங்கள் இன்னும் பிய்ந்து தொங்கின. அந்தத் துளைக்குள் ஈரமாக ஏதோ ஒன்று மினுங்கியது, அசைந்தது, தேடியது, அவளுடைய இடது கண்ணைக் கண்டுபிடித்து நின்றது.

ஜன்னல் என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும்தான் தெரியும்.

கிளட்ச் அக்கா கண்ணாடிக்குள் இருந்ததைப் பார்த்து, மக்குப் பிடித்த மாணவரை அதட்டும் குரலில் பேசினாள்.

"நல்லா பாத்துக்க. நானும் நல்லா பாத்துக்கறேன். இன்னைக்கு அடுத்த கண்ணு. அதையும் திறக்கத்தான் போறேன். உனக்காக நான் குருடியா உக்காந்திருக்க முடியாது. ஆனா இது என் வண்டி. என் வண்டில வரணும்னா ஒழுங்கா வரணும். மேல சாயக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "பெல்ட்ட போடு."

ஒன்றும் நடக்கவில்லை. காய்கறி வண்டி தெருமுனை திரும்பியது.

பிறகு பின் சீட்டில், பெல்ட் உருவப்படும் சரசரப்பு. நீளமாக. நிதானமாக.

டிக்.

தங்கைக்கும் கேட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்த அவளுடைய விரல்கள் வெளுத்தன. தலை தானாகக் கண்ணாடிப் பக்கம் உயர்ந்தது. "அக்கா... பின்னாடி..."

"ரோட்டப் பாரு," என்றாள் கிளட்ச் அக்கா. "கிளட்ச்ச மிதி. முதல் கியர். ரோட்ட மட்டும் பாரு. கண்ணாடிய நான் பாத்துக்கறேன்."

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. கண்ணாடிக்குள் அந்தத் துளை இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு வந்தது. அவளும் இமைக்கவில்லை.